டிஸ்னிலாண்டும் கரிக்குருவியும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கிறோம். அக்கா குடும்பம் பாரிசில். கொரோனா முடக்கத்துக்குப் பிறகு டிஸ்னிலாண்ட் திறந்தவுடன் அவர்கள் போய் எடுத்த வீடியோக்களை நாலாம் ஆண்டு படிக்கும் என் மகன் இன்னும் போட்டுப் பார்க்கிறான். போன கிழமை, “நாங்கள் எப்ப போறது?” என்று அழுதான். “இங்கே உனக்குக் கீரி, செண்பகம் எல்லாம் வளவுக்குள்ளேயே வருகுதே, அதைப் பார்” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். வீட்டைச் சுற்றியிருக்கும் உயிர்களில் அவனுக்கு எப்படி ஆர்வம் வரவைப்பது? தூரக்கண்ணாடி வாங்கிக் கொடுக்கலாமா?

— ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

உங்கள் மகன் முகத்தைத் திருப்பியதில் நியாயம் இருக்கிறது. கேட்டது கிடைக்காத இடத்தில் ஆறுதலுக்குக் கீரியைக் காட்டினால் எந்தப் பிள்ளைக்கும் கீரி பிடிக்காது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான்.

பூங்கா ஆசை சின்ன விஷயமில்லை. பாரிஸ் டிஸ்னிலாண்ட் 2020 மார்ச்சில் மூடி, ஜூலை 15இல் திறந்து, ஒக்டோபர் கடைசியில் மறுபடியும் மூடியது. பிறகு 2021 ஜூன் 17இல்தான் திறந்தார்கள். மாடி வீடுகளுக்குள் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகள் வெளியே வந்து போட்ட கூச்சல் அந்த வீடியோக்களில் இருக்கும். உங்கள் மகனை இழுப்பது அதுதான் என்று நினைக்கிறேன். பூட்டிக் கிடந்த ஒன்று திறக்கும்போது வருகிற சந்தோஷம் நம்மவர்களுக்குப் புதிதா என்ன? யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை போரில் பூட்டிக் கிடந்து 2002இல் திறந்ததையும் 2006 ஓகஸ்டில் அது மறுபடி மூடியதையும் நீங்கள் அவனுக்குச் சொல்லலாம். அவன் பக்கத்தில் இருந்து அந்த வீடியோவை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். போக வசதி வந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், வராவிட்டால் இப்போதைக்கு முடியாது என்று நேராகச் சொல்லுங்கள். அந்தக் கதை அங்கே முடியட்டும். பறவையை அதற்குள் இழுக்க வேண்டாம்.

வேறொரு நாள், விடிய ஆறு மணிபோல, எதுவும் அறிவிக்காமல் அவனை ஒழுங்கைக்குக் கூட்டிப் போங்கள். கரண்ட் கம்பியில் வால் இரண்டாகப் பிரிந்த கறுப்புக் குருவி ஒன்று இருக்கும். கரிக்குருவி. நிலத்தில் பூச்சி அசைந்தால் ஒரே பாய்ச்சலில் இறங்கிப் பிடித்து, திரும்பவும் கம்பிக்கே வரும். அது கூடு கட்டியிருக்கும் மரத்துப் பக்கம் காகம் வந்தால் துரத்துகிற துரத்தலைப் பார்க்க வேண்டும்! காகத்துக்குப் பாதி உருவம்கூட இல்லாத குருவி, பருந்தையும் விடாது. இந்தக் கரிக்குருவி இலங்கையில் வடக்கு, வடமேற்குக் கரையோர வறண்ட பகுதிகளை ஒட்டித்தான் வாழ்கிறது. கொழும்புப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பது பின்வயிறு வெள்ளையான வேறு இனம். வடலிக்குள் கூப்பிடும் கௌதாரியும் அப்படித்தான், தெற்கே போனால் காணக் கிடைக்காது. நம் வேலியோரத்தில் தினமும் நிற்பதால் எங்கும் நிற்கும் என்று எண்ணிவிடுகிறோம். இதை அறியும்போது எனக்கே பெருமையாக இருந்தது, ஒரு சின்னப் பெடியனுக்கு எப்படி இருக்கும்!

அப்புறம் பனையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பின்னேரங்களில் பனைகளைச் சுற்றி மெலிந்த இறக்கையோடு ஓயாமல் பறப்பது பனை உழவாரன். பஞ்சையும் இறகையும் எச்சிலால் ஓலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக் கூடு செய்யும். பனை இல்லாத ஊரில் அதற்கு வீடு கிடைப்பது கஷ்டம். காய்ந்த ஓலையைக்கூட வெட்டுமுன் ஒருதரம் கீழே நின்று கவனிக்கும் பழக்கம் அவனுக்கு வந்தால் எனக்குப் பெரிய சந்தோஷம்.

பெயர்களை நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள். ஒரு கொப்பி கொடுங்கள். அவன் தான் கண்டதை, தான் வைத்த பெயரோடு எழுதட்டும். சரியான பெயரைப் பிறகு அவனே வந்து கேட்பான்.

மாரி தொடங்கியபின் பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் ஒரு காலை போய் வாருங்கள். வலசை வரும் பறவைகள் கடலேரியில் இறங்கியிருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகளும் நிற்கும், தலையைக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரை வடிகட்டித் தின்றபடி. இன்னும் கொஞ்சம் தூரம் போக முடியுமென்றால் சுண்டிக்குளம் இருக்கிறது. 1938இல் பறவைகள் சரணாலயமாக்கி, 2015இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம்.

தூரக்கண்ணாடி ஒழுங்கைக்குத் தேவையில்லை, கடலேரிக்குத்தான் வேண்டும். கொப்பியில் நாலைந்து பக்கம் நிரம்பியபின் வாங்குங்கள். எட்டு மடங்கு பெருப்பிப்பது போதும். பத்துக்கு மேலே போனால் பிள்ளையின் கை ஆடுவதில் பறவையும் சேர்ந்து ஆடும்.