ஆறு தட்டு, நான்கு அடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் கீபோர்டு தேர்வுக்காக ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஜி மேஜர் மினுவெட்டைப் பயில்கிறாள். அதை, பியானோவுக்கு முந்தைய கட்டைக்கருவியான ஹார்ப்சிகார்டில் கேட்டேன். ஏற்ற இறக்கமே இல்லை, உணர்ச்சியும் இல்லை. பியானோ வந்தபிறகும் இந்தக் குறைபட்ட கருவியை ஏன் வாசிக்கிறார்கள்? அவளுக்குப் பியானோவிலேயே போட்டுக் காட்டலாமா?

எம்.

அன்புள்ள எம்,

எதில் வேண்டுமானாலும் கேட்கட்டும். அந்த மினுவெட் பாக்கின் படைப்பும் அல்ல. 1725 என்று பொறித்த, பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவின் இசைக் குறிப்பேட்டில் இயற்றியவர் பெயரில்லாமல் இருந்தது. டிரெஸ்டனில் ஆர்கன் வாசித்த கிறிஸ்டியான் பெட்ஸோல்டுடையது என்று 1970களில் தெரியவந்தது. அதை விடுங்கள்.

‘குறைபட்ட கருவி’ என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. ஹார்ப்சிகார்டின் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு மரச்சில்லு எழும்பும். அதில் செருகிய இறகுக்காம்பு தந்தியைச் சுண்டும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஓசை ஏறக்குறைய ஒன்றுதான். விரலை எடுத்ததும் ஒரு துணித்துண்டு தந்தியில் படிந்து ஒலியை அடக்கிவிடும். ஆகவே வாசிப்பவர் கையில் இருப்பது நேரம்தான். எந்த ஸ்வரத்தை நீட்டுவது, எதைச் சட்டென்று விடுவது, எங்கே இமைப்பொழுது நிற்பது. ஆடுகிற காலுக்கு வேண்டியதும் அதுதானே?

மினுவெட் ஒரு நடனம். உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை! பிரெஞ்சு அரசவையில் ஒரு ஜோடி ஆட, மற்றவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தக் குறிப்பேட்டின் அதே 1725இல் பாரிஸில் வெளியான நடன நூலில் நடன ஆசிரியர் பியேர் ராமோ இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். மூன்று தட்டு கொண்ட ‘பார்’ (தாளப் பகுதி) இரண்டு சேர்ந்தால்தான் ஓர் அடவு முடியும். ஆறு தட்டுக்கு நான்கு அடி. பரவலான முறையில் 1, 3, 4, 5இல் கால் பதியும். 2இலும் 6இலும் முழங்கால் மடங்கும்.

இப்போது உங்கள் மகளின் பாடத்தை எடுங்கள். இரண்டாவது பாரில் டி, ஜி, ஜி என்று மூன்று ஸ்வரம். கடைசி ஜி ஆறாவது தட்டில் வருகிறது. அங்கே கால் பதிவதில்லை, அடுத்த அடிக்கு உடம்பு தயாராகிறது. அந்த ஜியைக் குறுக்கி, லேசாக விட்டுவிட வேண்டும். நம் பிள்ளைகளோ மூன்றையும் ஆணி அடிப்பதுபோல் அடிக்கிறார்கள். பியானோவில் அது இன்னும் பலமாகக் கேட்கும், அவ்வளவுதான். பிள்ளையை மதிப்பெண்ணுக்காக உட்காரவைத்துவிட்டுக் கருவியைக் குறைசொல்லாதீர்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாதா கோவிலில் ஆர்கன் வாசித்தவர். நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, “முதலில் நட” என்பார். ஆறில் முழங்கால் மடங்காவிட்டால் திரும்ப முதலிலிருந்து. முகத்தில் சிரிப்பே இருக்காது. ஆனால் சரியாக வந்துவிட்டால் தானும் கூடவே நடப்பார்.

மகளைத் திட்டவேண்டாம், அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. ஹாலில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, வலது காலில் தொடங்கச் சொல்லுங்கள். நீங்களே சத்தமாக ஆறுவரை எண்ணுங்கள். அப்புறம் இருவருமாக அந்த ஹார்ப்சிகார்டு பதிவைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.