ஏடா மொழியில் எதையும் சுட்டும் பொதுச் சுட்டி உண்டா?

சி நிரல்மொழியில் எந்த வகைத் தரவின் நினைவக முகவரியையும் வைத்துக்கொள்ளும் சுட்டியான 'வாய்டு பாயிண்டர்', ஏடா நிரல்மொழியில் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்று கிடையாது, வேண்டுமென்றே வைக்கவில்லை.

மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன், செல்போனைக் கொடுத்தால் வேறொரு டோக்கன். இரண்டிலும் 47 என்றே இருக்கட்டும். செருப்பு டோக்கனை நீட்டினால் செல்போன் கிடைக்காது. ஏடாவின் 'ஆக்சஸ்' வகைகள், அதாவது அதன் சுட்டிகள், இந்த டோக்கன்கள்தாம். சொல்லப்போனால் இன்னும் கறார்: இரண்டுமே முழு எண்ணைச் சுட்டினாலும், தனித்தனிப் பெயரில் அறிவித்த வகைகள் என்றால் ஒன்றின் மதிப்பை மற்றொன்றில் நேரடியாக இட முடியாது. நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே தடுத்துவிடும்.

சி-யில் பொதுச் சுட்டியைத் தேடுவது பெரும்பாலும் எந்த வகைக்கும் பொருந்தும் பட்டியலோ அடுக்கோ எழுதத்தான். அதற்கு ஏடாவில் 1983 முதலே 'ஜெனரிக்' என்னும் வார்ப்பு வசதி இருக்கிறது. வகையை அளபுருவாகக் கொடுத்து வேண்டிய பிரதியை எடுத்துக்கொள்ளலாம். ஒரே பட்டியலில் பல வகைப் பொருள்கள் கலந்து வர வேண்டுமானால், தன் வகை எது என்ற அடையாளத்தைக் கூடவே சுமக்கும், 1995 பதிப்பின் 'டேக்டு' வகைகள் உண்டு.

வன்பொருளோடு மல்லுக்கட்டும்போது மட்டும் வெறும் நினைவக முகவரியைக் குறிக்கும் 'சிஸ்டம்.அட்ரஸ்', ஒரு வகை மதிப்பை அப்படியே வேறு வகையாகக் கொள்ளும் 'அன்செக்டு கன்வர்ஷன்'. 'அன்செக்டு', அதாவது சரிபார்க்கப்படாதது என்று பின்னதன் பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆளில்லாத நேரத்தில் செருப்பு அலமாரிக்குள் நீங்களே கைவிடுவது போன்றது அது. எடுத்தது யாருடைய செருப்பு என்று எவரும் கேட்க மாட்டார்கள்.