பேய்க்கதையை யாரிடம் கொடுப்பது?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அம்பாசமுத்திரத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுகிறோம். போன கூட்டத்தில், அடுத்து ஒரு திகில் நாவல் எடுக்கலாமா என்று கேட்டேன். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர், "பேய்க்கதையெல்லாம் பஸ்ஸுல படிக்கதுய்யா, இங்க இலக்கியம் பேசுவோம்" என்று முடித்துவிட்டார். திகிலிலும் மாயக்கதையிலும் அண்மையில் வந்தவற்றில் இலக்கியமாகவும் தேறுகிற சிலவற்றைச் சொல்லுங்களேன். ஆங்கிலம் என்றாலும் பரவாயில்லை, ரெண்டு மூணு பேர் படிப்பார்கள்.

எஸ்., அம்பாசமுத்திரம்

அன்புள்ள எஸ்.,

கோயில் கொடைத் திருவிழா தோறும் சுடலைமாடசாமி நள்ளிரவில் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகிற ஊரில் இருந்துகொண்டு வாத்தியார் இப்படிச் சொல்கிறார்! 'காஞ்சனை' எழுதிய புதுமைப்பித்தனும் திருநெல்வேலிக்காரர்தான். பிச்சைக்கு வந்தவள் வீட்டு வேலைக்கு அமர்கிறாள், ராத்திரியில் பிணவாடை அடிக்கிறது. அவள் பேயா, கதை சொல்கிறவனின் மனக்கோளாறா என்று கடைசிவரை தெரியாது. அதை ஒருமுறை நினைவுபடுத்திப் பாருங்கள், மறுக்க மாட்டார்.

நான் முதலில் கொடுப்பது அர்ஜென்டினாவின் சமந்தா ஷ்வெப்லின் எழுதிய 'ஃபீவர் ட்ரீம்'. சின்ன நாவல், ஒரே மூச்சில் முடியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் ஒருத்தி, பக்கத்தில் இருந்து கேள்வி கேட்கிற ஒரு பையன். நாவல் முழுக்க அவ்வளவுதான். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மகளுக்கு ஏதாவது ஆனால் ஓடிப் போய்ப் பிடிக்க எவ்வளவு நேரமாகும் என்று எந்நேரமும் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பாள். நம் தாமிரபரணிப் படித்துறையில் சேலையை அலசிப் பிழிந்தபடியே ஒரு கண்ணைப் பிள்ளைமேல் வைத்திருக்கிற அம்மாக்கள் போடுகிற அதே கணக்கு. அது எப்படித் தப்புகிறது என்பதுதான் கதை. பேய் என்று ஒன்றும் வராது. சோயா வயலும் பூச்சிமருந்தும் விஷமேறிய தண்ணீரும்தான். பிள்ளை பெற்றவர்களிடம் பார்த்துக் கொடுங்கள், தூக்கம் போய்விடும்.

மாயக்கதை என்றால், இலங்கையின் வஜ்ர சந்திரசேகர எழுதிய 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்'. 2023இல் வந்தது, அறிபுனைக்கும் மாயக்கதைக்கும் கொடுக்கிற நெபுலா விருது வாங்கியது. பிள்ளை பிறந்ததுமே தாய் அவன் நிழலைப் பித்தளை ஆணியால் தரையோடு அறைந்து பிய்த்தெடுக்கிறாள். முதல் வரியே இதுதான். வெளிநாட்டு வாசகர்கள் இங்கேயே தடுமாறலாம். வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவன் 'சரி, அப்புறம்?' என்பான். நடுவில் கொஞ்சம் இழுக்கும், விட்டுவிடாதீர்கள்.

சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' (2020) எல்லோருக்கும் பிடிக்கும், அதனால் அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். முடிவில்லாத மண்டபங்கள், உள்ளே கடலலை, அதில் ஏறக்குறைய தனியாக ஒருவன். கதையை முன்கூட்டியே சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள், அது போதும்.

தமிழில் மலேசிய எழுத்தாளர் ம. நவீனின் 'பேய்ச்சி'. 2020இல் அங்கே அரசாங்கம் தடை செய்த நாவல். தலைப்பிலேயே நம் தெய்வம் பேச்சியம்மன் நிற்கிறாள். தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையும் கள்ளச்சாராயமும் வருவதால் இது திகிலா இலக்கியமா என்று உங்கள் கூட்டத்தில் சண்டை வரும். வரட்டுமே.

ஒன்று மட்டும் சொல்வேன். புத்தகத்தை நீட்டும்போது 'திகில்' என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் சிலருக்கு ஆர்வம் பொங்கும், சிலருக்கு முகம் சுளிக்கும். ரெண்டு பேருமே படிக்கப்போவது புத்தகத்தை அல்ல, தாங்கள் எதிர்பார்த்ததை. ஆணியால் அறைந்த நிழலைச் சொல்லுங்கள், படித்துறை அம்மாவைச் சொல்லுங்கள். வாத்தியாரிடம் 'பேய்ச்சி'யைக் கொடுங்கள், ஆங்கில நாவல்கள் பிறகு ஆகட்டும். அவர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.