பட்டறைக் கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, அப்பா விட்டுச்சென்ற டீசல் பிக்அப் கொட்டகையில் சும்மா நிற்கிறது. செம்பனைத் தோட்டத்தில் புல் வெட்ட டிராக்டராக மாற்றலாமா?
– வாசகர், நிபோங் திபால்

பதில்: தாராளமாக மாற்றலாம், தம்பி. சுவீடனில் பழைய கார்களை இப்படி மாற்ற 1940-லேயே விதி வந்தது. இருக்கும் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொன்றைப் பூட்டுவார்கள். முதல் கியரில் ஒவ்வொன்றும் வேகத்தை 4-க்கு 1 என்று குறைத்தால், இரண்டும் சேர்ந்து 16-க்கு 1. வண்டி நத்தையாய் ஊரும். ஆனால் கிளட்சைப் பட்டென்று விட்டால் பின் அச்சு முறியலாம்.

புல் வெட்டும் கத்தியை வண்டி இன்ஜினோடு இணைக்க வேண்டாம். டிராக்டரில் கருவிகளைச் சுழற்ற நிமிடத்துக்கு 540 சுற்று தரும் தனித் தண்டு உண்டு, பிக்அப்பில் இல்லை. சொந்த இன்ஜினுள்ள வெட்டியைப் பின்னால் இழுங்கள்.

ரேடியேட்டர்தான் எனக்குக் கவலை. மெதுவாகப் போகும்போது போதிய காற்று வராது. லாலாங் புல்லின் பஞ்சு அதன் தகடுகளுக்கு இடையில் போர்வை மாதிரி ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் கொதித்த பிறகுதான் தெரியும். முன்னால் கொசுவலைக் கம்பி கட்டி, அரை மணிக்கொரு தடவை தூரிகையால் தட்டிவிடுங்கள்.

சரிவில் குறுக்கே ஓட்டாதீர்கள். சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) அனுமதியில்லாமல் சாலையில் இறக்காதீர்கள். முக்கியமாக, வெல்டிங் தொடங்குமுன் வண்டியின் அடிச்சட்டமான சேஸியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துருப்பிடித்த இடம் மொத்தையாக ஒலிக்கும்.