பீலி (ஊற்றுநீர் வழியும் குழாய்) ஏன் வற்றுகிறது? வறட்சி குறித்த கேள்வி பதில்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மண், மழை, தேயிலை பற்றிக் கேளுங்கள். கேட்பவரின் ஊர்ப்பெயரை முன்னால் போட்டிருக்கிறேன்.

ஹாலிஎல: ஐயா, வருடத்து மொத்த மழை பெரிதாகக் குறையவில்லை என்கிறார்கள். பிறகு ஏன் மலை இப்படிக் காய்கிறது?

மொத்தத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், தம்பி. ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். வெயில் நாளில் மண்ணின் ஈரத்தை அது வேகமாக உறிஞ்சிக்கொள்கிறது. பெய்தால் கொட்டித் தள்ளுகிறது. கொட்டுகிற மழை சரிவில் நிற்குமா? மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு கான் (வடிகால்) வழியே ஓடிவிடும்.

எங்கள் ஊவா மாகாணத்துக்குக் காய்ச்சல் (வறண்ட வெயில் காலம்) புதிதல்ல. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, நம் பக்கம் வெறும் கச்சானாக, வறண்ட காற்றாக வருகிறது. ஊவாத் தேயிலையின் வாசமே அந்தக் காய்ச்சலில்தான் பிறக்கிறது. அதற்குப் பின்னால் வரவேண்டிய ஒக்டோபர் மழை ஏமாற்றினால்தான் ஆபத்து. 2016இல் அப்படித்தான் ஆனது. 2017 மாசியில் வீ.பி. (கிளைத்துண்டு நட்டு வளர்த்த தேயிலை) மலையில் ஓர் இலையைக் கையில் எடுத்தேன். செம்பு நிறத்தில் சுருண்டிருந்தது, அப்பளம்போல் நொறுங்கியது. பக்கத்தில் பழைய விதைத் தேயிலை பச்சையாகவே நின்றது. அதன் ஆணிவேர் ஆழத்தில் ஈரத்தைத் தேடிக்கொள்ளும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: காய்ந்த மண்ணில் உரம் போடாதீர்கள்.

மஸ்கெலியா: மவுசாகலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய கோயில் வெளியே தெரிகிறதே, அது வறட்சிதானே?

மழை பொய்த்தாலும் தெரியும், மின்சாரத்துக்கு நீரை இறக்கினாலும் தெரியும். கோயிலைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

பண்டாரவளை: 2014 கடைசியில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் வற்றின. வெப்பமாதல்தானே காரணம்?

இல்லை. உமா ஓயா நீர்த் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்ததுதான் காரணம். மனிதன் தோண்டியதை வானத்தின் தலையில் கட்டாதீர்கள்.

நானுஓயா: எங்கள் லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) பீலியை வற்றவைத்தது மேலே நிற்கும் டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரங்கள். எல்லாவற்றையும் வெட்டவேண்டும்.

பாதி சரி. யூகலிப்டஸ் நிறையக் குடிக்கும். ஊற்றின் தலையில் அதை நட்டது தவறு. ஆனால் மொட்டையடித்த சரிவில் மழைநீர் இறங்காது, ஓடும். ஊற்றைச் சுற்றி நாட்டு மரம் வளரவிட்டு, யூகலிப்டஸைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

நானுஓயா: அடுத்த தோட்டத்தில் மொத்தமாக வெட்டினார்கள், மறுமாதமே பீலியில் தண்ணீர் வந்தது!

எந்த மாதம் வெட்டினார்கள்?

நானுஓயா: செப்டெம்பர்.

மறுமாதம் ஒக்டோபர். வந்தது மழை, ஐயா.

வெலிமடை: மரத்தை ஏன் திட்டுகிறீர்கள்? மேலே மோட்டார் வைத்து ஓடையை இறைக்கிறவர்களைக் கேளுங்கள்.

நானுஓயா: உருளைக்கிழங்குக்கு நீங்கள் இறைக்கவில்லையா?

வெலிமடை: எங்கள் வயிறும் வயிறுதானே!

இருவரும் ஓடைத் தண்ணீருக்காகத்தான் சண்டை போடுகிறீர்கள். வெயிலில் எந்த நாள் ஓட்டம் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டு வருடக் கணக்கு கையில் இருந்தால் பேசலாம்.

நோர்வூட்: அடுத்த வாரம் மழை என்கிறார்கள். இப்போதே யூரியா போட்டுவிடலாமா?

காய்ந்த மண் பற்றி மேலே சொன்னதைப் படியுங்கள்.

ஹப்புத்தளை: கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது) செய்யலாமா?

காய்ச்சலில் வேண்டாம். வேரில் மாவுச்சத்து குறைந்திருக்கும் செடி துளிர்க்க முடியாமல் செத்துப்போகும். வெட்டியே ஆகவேண்டுமென்றால் ஓரிரு கிளைகளை இலையோடு விடுங்கள். வெட்டிய கழிவைச் செடிமேல் போட்டு வெயிலை மறையுங்கள்.

பதுளை: எல் நினோ (பசிபிக் கடல் சூடேறுவது) என்றால் வறட்சி என்றுதானே அர்த்தம்?

எப்போதும் அல்ல. இங்கே ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையைக் கூட்டும் போக்கும் அதற்கு உண்டு. தை, மாசியில்தான் பெரும்பாலும் கையை விரிக்கும்.

பொகவந்தலாவ: கொழுந்து இல்லையென்று அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுகிறார்கள், அண்ணா. இதற்கு என்ன வழி?

அது சம்பளப் பிரச்சினை, தங்கச்சி, தொழிற்சங்கத்தில் கேட்கவேண்டியது. எத்தனை நாள் கொழுந்து குறைந்தது என்று மட்டும் குறித்துக்கொண்டு போங்கள்.

லிந்துலை: உரம் கொஞ்சமாகப் போட்டால்?

வாளியைக் கீழே வையுங்கள்.