முன்னோடி வேதிப்பொருள் கட்டுப்பாடு என்றால் என்ன? போதைப்பொருள் கடத்தலைத் தடுக்க அது எப்படி உதவுகிறது?

போதைப்பொருள் தயாரிக்கத் தேவைப்படும் வேதிப்பொருளைத்தான் முன்னோடி வேதிப்பொருள் என்கிறார்கள். மார்ஃபினை ஹெராயினாக மாற்றப் பயன்படும் அசிட்டிக் அன்ஹைட்ரைடு ஓர் உதாரணம்.

ஹெராயின் பொட்டலமாகிவிட்டால் தேடிப் பிடிப்பது கடினம். தப்பியது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரும். வேதிப்பொருளோ பெரும்பாலும் சட்டப்படி இயங்கும் ஆலையிலிருந்து, ரசீதோடு, பீப்பாய் பீப்பாயாகக் கிளம்புகிறது. அங்கேயே கண் வைக்கலாம். இதற்கு வழிசெய்தது வியன்னாவில் 1988-ல் நிறைவேறிய ஐ.நா. உடன்படிக்கை. 2006 முதல் இணையவழி ஏற்பாடும் உண்டு: சரக்கு புறப்படும் முன்பே ஏற்றுமதி நாடு இறக்குமதி நாட்டுக்குத் தகவல் தரும். வாங்கும் நிறுவனம் உண்மையில் இருக்கிறதா, இவ்வளவு தேவையா என்று விசாரித்து, அந்நாடு சரக்கை நிறுத்தச் சொல்லலாம்.

பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்துப்போக முன்பின் தெரியாதவர் வந்தால், ஆசிரியர் பெற்றோருக்கு போன் போட்டுக் கேட்ட பிறகுதானே அனுப்புவார்? அதே முறைதான். கண்காணிக்கப்படும் வேதிப்பொருள்களின் பட்டியலில் இல்லாத வேறொன்றுக்குக் கடத்தல்காரர்கள் தாவுவது உண்மைதான். ஆனாலும், போதைக்கு அடிமையானவரைத் துரத்துவதைவிட இது மனிதத்தன்மையுள்ள வழி என்பேன்.

முன்னோடி வேதிப்பொருள்கள் தடைசெய்யப்பட்ட பொருள்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அசிட்டிக் அன்ஹைட்ரைடு ஆஸ்பிரின் மாத்திரைக்கும் வேண்டும் என்பதால் அது கணக்கு வைத்து விற்கப்படுகிறது.