இருட்டுச் சாலையில் சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அதிகாலை நாலரை மணிக்குப் பால்கேன்களைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரமாகப் போகிறேன். பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறது. அதற்கு மேல் லைட்டும் அவசியமா? (ஒட்டன்சத்திரம் வாசகர்)

அவசியம். ரிஃப்ளெக்டருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் அதன்மேல் விழுந்தால், அந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். பக்கத்துத் தெருவிலிருந்து சாலைக்கு ஏறும் வேனின் விளக்கு உங்கள்மேல் படவே படாது. புழுதி படிந்தாலோ, மட்கார்டு வளைந்து ரிஃப்ளெக்டர் வானத்தையோ தரையையோ பார்த்துக்கொண்டிருந்தாலோ, திரும்பும் வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். உங்கள் விஷயத்தில் கேன்கள் அதை மறைக்கவும் கூடும்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனாலே 33 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையிலும் வண்டி நிற்க அதற்கு மேல் சுமார் 40 மீட்டர் வேண்டும். டிம் லைட்டில் சாதாரணப் பொருள் தெளிவாகத் தெரிவதோ 40 முதல் 60 மீட்டர் தூரத்தில்தான். அவருடைய ஹெட்லைட் உங்களைத் தொடும் முன்பே நீங்கள் தெரிந்தாக வேண்டும். அதற்குச் சொந்தமாக எரியும் சிவப்பு விளக்கை விட்டால் வேறு வழியில்லை.

விளக்கைச் சீட்டுக்குக் கீழே மாட்டாதீர்கள், சுமை மறைக்கும். கேரியரின் பின் விளிம்பில், சுமைக்கும் பின்னால் தெரியும்படி பொருத்துங்கள். பிறகு சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, கேன்களை வழக்கம்போல் மாட்டி, 30 அடி பின்னால் போய்க் குத்துக்காலிட்டுப் பாருங்கள். கார் ஓட்டுபவரின் கண் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கும். இடமும் வலமும் நகர்ந்து பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்தும் விளக்கு மறையக் கூடாது.

வசதியிருந்தால் இரண்டு விளக்குகள் வையுங்கள். ஒன்று நிலையாக எரியட்டும், மற்றது மினுக்கட்டும். மினுக்கும் விளக்கு சட்டென்று கண்ணை இழுக்கும்; ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மட்டுக்கட்ட விடாது. ஜெர்மனியில் சைக்கிளில் மினுக்கும் விளக்கே கூடாது என்பது விதி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இருட்டில் அதை நிலையாக எரிய விடுங்கள். இரண்டு இருந்தால் ஒன்று வழியில் அணைந்தாலும் இன்னொன்று காக்கும். பின் விளக்கு அணைந்தது மிதிப்பவருக்குத் தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஏழு மணிக்குத்தான் சைக்கிளில் வருகிறாள். பளிச்சென்ற இளம்பச்சை ஜாக்கெட் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போதுமா? (கரூர் வாசகி)

போதாதம்மா. அந்தப் பளிச் நிறம் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருவது. மேகமூட்டத்திலும் மாலை மங்கலிலும் அருமையாக வேலை செய்யும். இருட்டிய பிறகு புற ஊதாக் கதிர் இல்லை. மஞ்சள் சோடியம் விளக்கடியில் அது வெறும் சட்டைதான். இரவில் உதவுவது ஜாக்கெட்டில் தைத்திருக்கும் சாம்பல் நிறப் பட்டைகள். முதுகில் புத்தகப் பையை மாட்டியதும் அவையும் மறைந்துவிடுகின்றன. ஆகவே பையின் பின்பக்கத்திலும் அதே பட்டையைத் தைத்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம் கால்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட சோதனையில், இரவில் கறுப்பு உடையில் சைக்கிள் மிதித்தவர்களை ஓட்டுநர்கள் 2 சதவீதம்தான் அடையாளம் கண்டார்கள். பளிச் நிற ஜாக்கெட்டுக்கு 15, ஒளி திருப்பும் பட்டை வைத்த ஜாக்கெட்டுக்கு 50. அந்த ஜாக்கெட்டோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை கட்டியபோது 90 சதவீதம்! அசையாத ஒளிப்புள்ளி மைல்கல்லாகவும் இருக்கலாம், நிற்கும் வண்டியாகவும் இருக்கலாம். மேலும் கீழும் மாறி மாறிப் போகும் இரண்டு புள்ளிகளைக் கண்டால், ஆள் மிதிக்கிறார் என்று மூளை உடனே பிடித்துக்கொள்கிறது.

ஐந்து சென்டிமீட்டர் அகலப் பட்டை, கணுக்காலைச் சுற்றி வரும் நீளம், ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ. தையல் கடையிலேயே செய்து தருவார்கள். முழுச் சுற்றும் வந்தால்தான் பக்கவாட்டிலிருந்தும் தெரியும். சுடிதார் பேன்ட் செயினில் சிக்காமல் இருக்கவும் அது உதவும். பெடலில் இருக்கும் மஞ்சள் ரிஃப்ளெக்டர்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. பெடல் மாற்றும்போது அவை உள்ளதையே கேட்டு வாங்குங்கள். துப்பட்டாவின் நுனி பின் விளக்கை மூடாமல் முடிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டினால் ஒரு மாதத்தில் உரிந்துவிடுகிறது. (அறந்தாங்கி வாசகர்)

எண்ணெய்ப் பிசுக்கின் மேல் ஒட்டியிருப்பீர்கள். சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு ஒட்டுங்கள். நான்கு மூலைகளையும் வளைவாக வெட்டிவிட்டால் ஓரம் தூக்காது. இழுத்து ஒட்டாமல், நடுவிலிருந்து விளிம்புக்குக் கட்டைவிரலால் அழுத்துங்கள். லாரிகளில் உள்ளபடியே முன்னால் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்னால் சிவப்பு. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி: பழைய டைனமோ லைட் விட்டுவிட்டு எரிகிறது. எல்.இ.டி. பல்பு போடலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

முதலில் எர்த்தைப் பாருங்கள். பழைய டைனமோவில் ஒரே ஒரு ஒயர்தான் விளக்குக்குப் போகும். மின்சாரம் திரும்பும் வழி சைக்கிள் ஃபிரேம்தான். டைனமோவைப் பிடிக்கும் கிளாம்பின் சிறு திருகு பெயின்ட்டைத் துளைத்து இரும்பைத் தொட வேண்டும். கடற்கரை ஊரில் அங்கே துரு ஏறினால் விளக்கு மினுக்கத்தான் செய்யும். சுரண்டி, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். அது சரியாக இருந்தும் எரியவில்லை என்றால் உருளை டயரில் வழுக்குகிறது: காற்றுக் குறைவு, அல்லது டைனமோ சாய்ந்திருக்கிறது. அதன் அச்சு சக்கரத்தின் நடுவை நோக்கியிருக்க வேண்டும்.

வழக்கமான டைனமோ 6 வோல்ட், 3 வாட். முன் பல்புக்கு 2.4, பின் பல்புக்கு 0.6 வாட். ஒன்று எரிந்துபோனால் மின்சாரம் முழுவதும் மற்றதற்குப் போய் அதையும் கருக்கிவிடும். ஆகவே உடனே மாற்றுங்கள். டைனமோவில் வருவது மாறுதிசை மின்சாரம் என்பதால் டார்ச்சுக்கான எல்.இ.டி. பல்பு சரிப்படாது. டைனமோவுக்கென்றே விற்கும் எல்.இ.டி.யைப் போடுங்கள். சைக்கிள் நின்றால் இந்த லைட் அணைந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது எரிய, பின்னால் பேட்டரி விளக்கு தனியாக வேண்டும்.

முன் விளக்கைச் சரிசெய்யச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கு 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், வெளிச்சத்தின் நடு சுவரில் 45 சென்டிமீட்டரில் விழட்டும். எதிரே வருபவரின் கண் கூசாது, உங்களுக்கும் பள்ளம் தெரியும்.

கேள்வி: பகலில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லைதானே? (ஆவடி வாசகி)

விளக்கு பகலிலும் பயன்படும். டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 3,845 பேரை வைத்து நடந்த சோதனையில், பகலிலும் எரியும் விளக்கு பொருத்தியவர்களுக்குக் காயம்பட்ட விபத்துகள் 19 சதவீதம் குறைந்தன. காலை, மாலை தாழ்ந்த வெயிலில் கூடுதல் கவனம் வேண்டும். உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நீண்டு விழுந்தால், எதிரே வருபவரின் கண்ணில் வெயில் அடிக்கிறது. உங்கள் கண்ணே கூசினால் பின்னால் வருபவருக்கும் கூசும்.

சாலையின் விளிம்பை ஒட்டிப் போகாமல் இரண்டு, மூன்று அடி உள்ளே நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். நிறுத்திய வண்டிகளுக்கு இடையே புகுந்து வெளியே வருபவர் திடீரென்றுதான் தெரிவார். பஸ்ஸும் லாரியும் இடப்பக்கம் திரும்பும் இடத்தில் எந்த விளக்கும் உதவாது. அவற்றின் இடது முன்மூலை ஓட்டுநருக்கு மறைவு. அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. பக்கவாட்டில் நுழையாமல் பின்னாலேயே நின்று, வண்டி முழுதாகத் திரும்பிய பிறகு போங்கள்.